தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் ஓராண்டு: ஆண்டறிக்கையில் எதை எழுதுவது?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் முதல் வகுப்பின் ஆசிரியை. கல்வியாண்டு முடிய இன்னும் ஐந்து வாரங்களே இருக்கும் நிலையில், எங்கள் வகுப்பின் செயல்பாடுகளையும் சாதனைகளையும் இரண்டு பக்கங்களுக்குள் எழுதித் தருமாறு தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். நேற்று இரவு உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். ஓவியப் போட்டி, கதை சொல்லும் போட்டி, விளையாட்டு விழா, கையெழுத்துப் போட்டி, விடுப்பே எடுக்காதவர்களுக்கான பரிசு என எல்லாம் ஒழுங்காகத்தான் வந்திருந்தன. திரும்பப் படித்தபோது பெயர்களை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. வகுப்பில் 34 பிள்ளைகள். அறிக்கையில் பெயர் வந்தவர்கள் 11 பேர். அவர்களிலும் நால்வரின் பெயர்கள் மும்மூன்று முறை வருகின்றன.

மற்ற 23 பேரும் இந்த ஆண்டு என்ன செய்தார்கள் என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தவன் ஒரு சிறுவன். ஆண்டின் தொடக்கத்தில் அவனால் கோட்டின்மேல் கத்தரிக்க முடியாது. இடக்கையில் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோல் பிடித்த வலக்கையை மட்டும் முறுக்கி முறுக்கி வெட்டுவான். வளைவு வந்ததும் தாள் கிழிந்துவிடும். ஏழாவது மாதத்தில் ஒருநாள் அவன் கத்தரிக்கோலை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, இடக்கையால் தாளை மெல்லத் திருப்பத் தொடங்கினான். வட்டம் முழுதாக வந்தது. யாரும் கைதட்டவில்லை, அவனும் யாரிடமும் காட்டவில்லை. வெட்டியதை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டான். இதற்குப் போட்டியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஆனால் இந்த ஓராண்டில் என் வகுப்பில் நிகழ்ந்த பெரிய சாதனைகளில் இதுவும் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

இத்தகையவற்றை ஆண்டறிக்கையில் எழுதலாமா? எழுதலாம் என்றால் 34 பேருக்கும் எப்படி எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

வாசற்படி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் ஆசிரியர் அல்லன். இரண்டு பிள்ளைகளின் தந்தை. தாங்கள் எழுதியது மனத்தைத் தொட்டது. இருந்தாலும் பரிசு பெற்ற பிள்ளைகளின் பக்கம் நின்றும் ஒரு சொல் சொல்ல வேண்டும். என் மூத்த மகள் கதை சொல்லும் போட்டிக்காக மூன்று வாரங்கள் கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்தாள். அந்தச் சான்றிதழை அவளே தன் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறாள். அறிக்கையில் எல்லோருடைய பெயரும் வர வேண்டும் என்பதற்காக அவளுடைய உழைப்பு ஒரு வரியாகச் சுருங்கிவிடக் கூடாது. எல்லோருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சில பள்ளிகளில் நினைக்கிறார்கள். என் இளைய மகனுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. அது எதற்காக என்று அவனைக் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை.

---

பழைய வகுப்பறை

தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். வாசற்படி அவர்களின் கவலை நியாயமானது. பரிசைப் பற்றி இங்கே நினைவுகூரத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, விருப்பப்படி விளையாடும் நேரத்தில் அதே பேனாக்களை மேசைமேல் வைத்துவிட்டு ஒளிந்திருந்து கவனித்தபோது, பரிசு உண்டென்று முன்பே கேட்டிருந்த குழந்தைகள் மற்ற இரு குழுவினரைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

இதை வைத்துக்கொண்டு பரிசே கூடாது என்று வாதிடுபவர்களை நான் ஏற்பதில்லை. ஒரு பிள்ளை தானாகவே விரும்பிச் செய்யும் ஒன்றுக்கு முன்கூட்டியே பரிசைக் காட்டினால் என்ன ஆகும் என்பதையே அந்த ஆய்வு சொல்கிறது. தங்கள் மகளின் சான்றிதழ் கட்டிலுக்கு மேலேயே இருக்கட்டும், ஐயா. என் கவலை, ஓராண்டு முழுவதும் ஒரு வகுப்பு செய்தவற்றை வெறும் பரிசுப் பட்டியலாக எழுதுவது பற்றியது.

முதல் வகுப்பைப் பொறுத்தவரை, போட்டி முடிவுகளில் இன்னொரு மறைவான கணக்கும் இருக்கிறது. ஒரே வகுப்பில் சேர்க்கைத் தேதியை ஒட்டிப் பிறந்த மூத்த பிள்ளைக்கும் கடைசியாகப் பிறந்த பிள்ளைக்கும் ஏறத்தாழப் பதினொரு மாத இடைவெளி இருக்கலாம். ஒருவருக்கு 72 மாதம், மற்றவருக்கு 83 மாதம் என்று வைத்துக்கொள்வோம். இளையவர் இதுவரை வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான காலம் அது. நாற்பது வயதில் பதினொரு மாதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை; ஆறு வயதில் ஓட்டத்திலும் கையெழுத்திலும் பேச்சிலும் அது வெளிப்படையாகத் தெரியும். கரும்பலகை அவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறேன். அந்த 11 பெயர்களுக்கு எதிரே பிறந்த மாதத்தை எழுதிப் பாருங்கள்.

---

கரும்பலகை

ஐயா, எழுதிப் பார்த்தேன். பதினொருவரில் எட்டுப் பேர் வகுப்பின் மூத்த பாதியைச் சேர்ந்தவர்கள். ஒரு வகுப்பை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் எட்டு மாதங்களாகத் தினமும் பெயர் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுத்த எனக்கு இது ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பதே உறுத்துகிறது.

---

ஓடுகளம்

நான் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஓட்டப்பந்தயத்தை நிறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. அதோடு இன்னொன்றையும் சேர்த்தோம். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் நின்ற இடத்திலிருந்து முன்னோக்கித் தாண்டும் தூரத்தை அளந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஒரு காகித நாடாவை அந்த நீளத்துக்கு வெட்டிக் கொடுக்கிறோம். ஆறு வயதுக் குழந்தைக்கு சென்டிமீட்டர் எண்ணைச் சொன்னால் ஒன்றும் விளங்காது. தன் பழைய நாடாவின் பக்கத்தில் புதிய நாடாவை வைத்தால் அது எட்டிப் போவது கண்ணுக்குத் தெரியும். யாருடைய நாடாவையும் மற்றவருடையதோடு ஒப்பிட வேண்டிய தேவையே எழுவதில்லை.

இதை அறிக்கையில் எழுதும்போது மட்டும் கவனம் தேவை. இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் வளர்கிறார்கள். பயிற்சி கொடுக்காவிட்டாலும் தாண்டும் தூரம் ஓரளவு கூடத்தான் செய்யும். எல்லாமே எங்கள் பயிற்சியால் வந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

---

நிழற்கோல்

நான் தொடக்க வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் கற்பிக்கிறேன். சாதனைகளைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். செயல்பாடுகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ஒருநாள் விழாக்களை வரிசையாக அடுக்கினால் அது நாட்காட்டியாகத்தான் இருக்கும். ஆண்டு முழுவதும் நீளும் சில வேலைகளை வகுப்பில் வைத்துக்கொண்டால், பரிசு பெறுவோர் பெறாதோர் என்ற பிரிவினை தானாகவே மங்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

முதலாவது நிழல். திறந்தவெளியில் ஒரு மீட்டர் உயரக் கோலை நட்டு, வாரம் ஒருமுறை கடிகாரத்தில் அதே நேரத்துக்கு நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லைப் பதித்தோம். முதல் இரண்டு வாரங்களில் பிள்ளைகளுக்கு அது சலிப்பாகத்தான் இருந்தது. ஐந்தாவது வாரத்தில் கற்கள் ஒரே இடத்தில் விழவில்லை என்று ஒரு சிறுமி கவனித்துவிட்டு, யாரோ கோலை நகர்த்திவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தாள். கோலின் அடியைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் காவல் வைத்தோம். கோல் நகரவில்லை, நிழல்தான் நகர்கிறது என்று அடுத்த வாரம் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதையும் அதன் பாதை சற்றே நீள்வட்டமாக இருப்பதையும் இந்த வயதில் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் தொடர்ந்தால் கற்கள் எட்டு என்னும் எண்ணைப் போன்ற, ஒரு பக்கம் பெருத்த உருவமாக அமையும். எங்களுக்கு விடுமுறை குறுக்கிட்டதால் பாதி எட்டுதான் கிடைத்தது. அந்தப் பாதி எட்டில் எல்லாப் பிள்ளைகளுடைய கல்லும் இருக்கிறது.

இரண்டாவது, அவரை விதை. ஈரத்தாளுக்கும் கண்ணாடிக் குவளைக்கும் நடுவே விதையை வைத்து முளைக்கவிடுவது எல்லோரும் செய்வதே. முதலில் வேர் வந்தது, கீழ்நோக்கிப் போனது. விதையைத் தலைகீழாக வைத்தால் வேர் மேலே போகுமா என்று ஒரு பிள்ளை கேட்டான். முளைத்த விதையைத் திருப்பி வைத்தோம். இரண்டு நாளில் வேர் கொக்கி போல வளைந்து மறுபடி கீழே இறங்கியது. அப்படியானால் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று இன்னொருத்தி கேட்டாள். இவ்வாறு விதையைத் திருப்பித் திருப்பி வைத்தே மூன்று வாரம் போனது. அறிக்கையில் ‘விதை முளைத்தல் செயல்பாடு நடைபெற்றது’ என்று எழுதாமல், ‘விதையைத் தலைகீழாக வைத்தால் வேர் எங்கே போகும் என்று கேட்டார்கள், வைத்துப் பார்த்தார்கள்’ என்று எழுதினேன்.

மூன்றாவது, முதல் வகுப்புக்கே உரியது: பல். ஆறு வயதையொட்டித்தான் இருபது பால்பற்களும் ஒவ்வொன்றாக விழத் தொடங்குகின்றன. பெரும்பாலும் கீழ்வரிசையின் முன்பற்கள் முதலில். மாதவாரியாக ஒரு கட்டப்படம் வரைந்து, பல் விழுந்த பிள்ளை தானே ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டுமாறு ஏற்பாடு செய்தேன். கூட்டலையும் ஒப்பிடுதலையும் நான் அந்த ஆண்டு பெரும்பாலும் அந்தப் படத்தை வைத்தே கற்பித்தேன். ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கட்டங்களில் பெயர் எழுதினோம். ஆண்டின் பாதிவரை ஒரு பல்லும் விழாத ஒரு பிள்ளை, ஆடாத பல்லை விரலால் அசைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டுப் பெயர்களை நீக்கினேன். அந்த வயதில் பால்பற்களுக்குப் பின்னால் கடைவாய்ப்பல் ஒன்று, எதுவும் விழாமலேயே புதிதாக முளைக்கும். அதற்கும் வேறு வண்ணத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம். மறுநாள் அந்தப் பிள்ளை வாயை அகலத் திறந்து காட்டியபடி முதல் ஆளாக வந்து நின்றது.

---

கரும்பலகை

நிழற்கோல் அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். அடுத்த ஆண்டு கோல் நடுவது உறுதி. இப்போதைய சிக்கல் நேரம். 34 பிள்ளைகளையும் கத்தரிக்கோல் பிடித்த சிறுவனைக் கவனித்ததுபோல் எப்படிக் கவனிப்பது? அவனை நான் கவனித்ததே தற்செயல்.

---

பழைய வகுப்பறை

நாளொன்றுக்கு இரண்டு பேர், அம்மா. 34 பேருக்கு 17 வேலை நாட்கள். காலையில் வருகைப்பதிவேட்டில் அன்றைய இரண்டு பெயர்களுக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைத் தனியாக அழைக்கவோ சோதிக்கவோ வேண்டாம். அன்று நடப்பதில் அவர்கள் செய்யும் ஒன்றை மட்டும் பார்த்து, தேதியிட்டு மூன்று வரி எழுதுங்கள். தங்களுக்கு மீதமிருக்கும் ஐந்து வாரங்களில் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். ‘நன்றாகப் பழகுகிறாள், ஆர்வம் மிக்கவள், சற்றுக் கவனக்குறைவு உண்டு’ என்று எழுதினால், பெயரை மாற்றி யாருக்கும் கொடுத்துவிடலாம். ‘நண்பனின் கட்டைக் கோபுரம் சரிந்ததும், கேட்காமலேயே தன்னுடைய கட்டைகளில் நான்கை அவன் பக்கம் தள்ளினாள்’ என்று எழுதினால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொருந்தும். பார்த்ததை எழுதுங்கள், பிள்ளை சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுங்கள், பண்புப்பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரின் மழலையர் பள்ளிகள் லோரிஸ் மலகுஸ்ஸியின் வழிகாட்டலில் இத்தகைய பதிவையே கற்பித்தலின் நடுவில் வைத்தன. குழந்தைகளின் பேச்சும் படங்களும் வேலையின் படிநிலைகளும் அங்கே சுவர்களில் இடம்பெறும். ஆண்டு முடிவில் எழுதுவதற்கென்று சேகரித்தவை அல்ல அவை. நாளை என்ன கற்பிப்பது என்று ஆசிரியர் முடிவுசெய்யவே பயன்பட்டன.

அத்துடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை வையுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் வரைந்த மனித உருவம் ஒன்று, முடிவில் வரைந்தது ஒன்று போதும். 1926-இலேயே ஃபுளோரன்ஸ் குட்இனஃப் குழந்தைகள் வரையும் மனித உருவத்தை வைத்து அறிவுத்திறனை அளக்க முயன்றார். அந்த அளவீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரே பிள்ளையின் இரண்டு படங்களை அருகருகே வைக்கும்போது, தலையிலிருந்தே நேராகக் கைகள் முளைத்திருந்த உருவத்துக்குக் கழுத்தும் தோளும் விரல்களும் வந்திருப்பதைப் பெற்றோர் வேறு யாருடைய உதவியுமின்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

---

மணியோசை

ஒரு பள்ளியின் அலுவலகத்தில் ஆண்டறிக்கைகளைத் தொகுப்பது என் வேலை. இங்கே எழுதப்பட்டவை அனைத்தும் எனக்கு உடன்பாடே. ஒரே ஒரு விஷயத்தில் எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. ‘ஆண்டின் தொடக்கத்தில் கத்தரிக்கத் தெரியாதவன்’ என்று பெயரோடு அச்சிட்டால், படிப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது ‘தெரியாதவன்’ என்ற சொல்தான். எங்கள் அறிக்கை ஒன்றில், முன்பு பேசத் தயங்கிய ஒரு பிள்ளை இப்போது நன்றாகப் பேசுகிறது என்று நல்லெண்ணத்தோடு பெயர் குறிப்பிட்டு எழுதிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் தாய் அலுவலகத்துக்கு வந்து, ‘என் பிள்ளை தயங்கியதை ஊருக்கெல்லாம் ஏன் சொன்னீர்கள்?’ என்று கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அச்சிட்ட பிரதியைத் திரும்பப் பெறவும் முடியாது.

ஆகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கையில் வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்தவை, பெயரின்றி. போட்டியில் வென்றவர்களின் பெயர்கள் ஒரு தனிப் பத்தியில் வரட்டும். அது அவர்களுக்கு உரியது. ஒவ்வொரு பிள்ளையின் தனி வளர்ச்சியும் அந்தந்த வீட்டுக்கு மட்டும் போகும் ஒரு தாளில்.

---

வாசற்படி

இந்தப் பிரிப்பு எனக்கும் நிறைவாக இருக்கிறது. அப்படி ஒரு தாள் வந்தால், என் மகனுடையதைச் சான்றிதழுக்கு மேலான இடத்தில் வைப்பேன். மூத்தவளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. போட்டிக்கு முந்தைய அந்த மூன்று வாரங்களில் அவள் என்ன கற்றாள் என்பதைச் சான்றிதழ் சொல்லவில்லை.

---

கரும்பலகை

நான்கு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். சுற்று முடிந்துவிட்டது, இரண்டு நாட்கள் விடுபட்டதால் கடைசி வாரத்தில் நாளுக்கு மூன்று பேரைப் பார்க்க நேர்ந்தது. முப்பது தாள்கள் எனக்கு நிறைவாக வந்தன. நான்கு தாள்களில் எழுத எதுவும் அகப்படவில்லை. அந்த நான்கு பேரும் என்னைத் தொந்தரவு செய்யாத, நன்றாகவும் படிக்காத, மோசமாகவும் படிக்காத பிள்ளைகள். அவர்களுக்காக மறுபடியும் ஒரு சுற்று பார்த்தேன். ஒருத்தி ஒவ்வொரு நாளும் மணி அடித்ததும் யாரும் சொல்லாமலேயே கீழே கிடக்கும் பென்சில்களைப் பொறுக்கி, நீளவாரியாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் போகிறாள். வகுப்பில் பென்சில்கள் தொலைவதில்லை என்று நான் ஆண்டு முழுவதும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததற்கு அவளே காரணம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஆண்டறிக்கையை மணியோசை அவர்கள் சொன்னபடியே அமைத்தேன். வென்ற 11 பேர் ஒரு பத்தியில் வருகிறார்கள். மீதி ஒன்றரைப் பக்கமும் வகுப்பு சேர்ந்து செய்தவை. இரண்டு பக்கத்தைத் தாண்டாததால் தலைமையாசிரியர் மாற்றமின்றி ஏற்றுக்கொண்டார்.

தனித்தாள்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், ஒவ்வொன்றையும் அந்தந்தப் பிள்ளைக்கே படித்துக் காட்டினேன். கத்தரிக்கோல் சிறுவனின் தாளில், ‘தாளைத் திருப்பித் திருப்பி, ஒரு முழு வட்டத்தை வெட்டினான்’ என்று எழுதியிருந்தேன். படித்ததும் அவன் தலையை ஆட்டி மறுத்தான். ‘வட்டம் இல்ல டீச்சர், சக்கரம். இன்னும் மூணு இருக்கு.’ உறையைத் தேடிப் பார்த்தோம். அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, மற்ற மூன்றும் இருந்தன. தாளைத் திருத்தி எழுதிவிட்டேன்.